அப்பத்தாவுக்கு எண்பது: கோட்டையூர் வீட்டு வாசலில் 60 பேர், 30,000 ரூபாய்க்குள் அழகாகச் செய்ய முடியுமா?

கோட்டையூர்ப் பேத்தி:

எல்லோருக்கும் வணக்கம். எங்கள் அப்பத்தாவுக்கு வருகிற மே மாதம் 80 நிறைகிறது. ஐயா (தாத்தா) இப்போது இல்லை என்பதால் சாந்தி, ஹோமம் என்று எதுவும் கிடையாது. ஆனாலும் பிள்ளைகள், பேரன் பேத்திகள், பங்காளி வீட்டார், அப்பத்தாவின் பிறந்த வீட்டு ஆட்கள் என்று ஒரு 60 பேரைச் சாயங்காலம் கூப்பிட்டு, நல்லபடியாகப் பலகாரம் கொடுத்து அனுப்ப வேண்டும் என்று எனக்கு ரொம்ப ஆசை. மண்டபம் பார்க்கலாமா என்று கேட்டதற்கு, "எனக்கு ஏசி ஒத்துக்காது, நம்ம வாசல்லயே வைங்க" என்று அப்பத்தா சொல்லிவிட்டார்கள்.

வீடு கிழக்குப் பார்த்தது, பழைய செட்டிநாட்டு மாடி வீடு. கேட்டுக்கும் திண்ணைக்கும் நடுவில் ஏறக்குறைய 40 அடிக்கு 30 அடி திறந்த வாசல். பாதி கல் பாவியது, பாதி மண். ஓரத்தில் ஒரு வேம்பு நிற்கிறது. முகப்பில் ஆத்தங்குடிக் கல். வீடு ஐந்து பங்கு. அப்பத்தாவும் துணைக்கு ஒரு அம்மாவும் மட்டும்தான் அங்கே இருக்கிறார்கள், மற்ற பங்குக்காரர்கள் எல்லாம் வெளியூர்.

அலங்காரம் செய்து தருகிற ஒருவரிடம் விலை கேட்டோம். துணிப் பந்தல், பலூன் வளைவு, செயற்கைப் பூச்சுவர், சோபா எல்லாம் சேர்த்து 65,000 என்றார். பேரப்பிள்ளைகள் நாங்கள் சேர்த்து வைத்திருப்பது சாப்பாடு உட்பட 30,000 ரூபாய்தான். சென்னையிலிருந்தும் சிங்கப்பூரிலிருந்தும் வருகிறவர்கள் இருக்கிறார்கள். பார்க்க லட்சணமாக இருக்க வேண்டும். பணத்தை இழுத்துப் பிடித்தது கண்ணில் தெரியக் கூடாது. மே மாத வெயிலை எப்படிச் சமாளிப்பது, விளக்குக்கு என்ன செய்வது, என்ன பலகாரம் போடுவது என்று எதுவும் பிடிபடவில்லை. செய்து பழகியவர்கள் சொல்லுங்கள்.

தேவகோட்டை ரஸ்தா:

மொட்டை மாடியில் வைத்தால் காற்று வருமே? இப்போது சென்னையில் எல்லோரும் மாடியில்தான் விருந்து வைக்கிறார்கள். நாலு கம்பு நட்டுச் சீரியல் லைட் போட்டால் படமும் அழகாக வரும். நாற்காலி வாடகை எங்கள் பக்கம் ஒன்றுக்கு 10 ரூபாய்க்குள்தான்.

பள்ளத்தூர் ஆச்சி:

தங்கச்சி, முதலில் அப்பத்தாவுக்கு என் நமஸ்காரம். வாசலில் வைக்கச் சொன்னார்களே, அவர்கள் சொன்னதுதான் சரி. மாடி வேண்டாம். பகல் முழுக்கக் காய்ந்த தளம் ராத்திரி 9 மணி வரை அனலை விட்டுக்கொண்டே இருக்கும், உட்கார்ந்தால் பாய்க்கு மேலேயும் சுடும். அது போக, 80 வயதில் அவர்களை மாடிப்படி ஏற்றி இறக்குவதை நினைத்துக்கூடப் பார்க்காதீர்கள். அவர்கள் வயதை ஒத்தவர்களும் நாலைந்து பேராவது வருவார்கள்.

அந்த 65,000 ரூபாயில் பெரும்பங்கு உங்கள் வீட்டைத் துணி போட்டு மறைப்பதற்குத்தான் போகும். பர்மாத் தேக்கில் இழைத்த நிலைக்கதவு, அதன் மேலே கஜலட்சுமி, இரண்டு பக்கமும் தூண் வரிசை. இதெல்லாம் இருக்கிற வீட்டுக்கு முன்னால் பிளாஸ்டிக் பூவில் சுவர் எழுப்புவதைப் பார்த்தால் எனக்கு மனசு பதறும். உங்களுக்கு அலங்காரம் என்று பெரிதாக ஒன்றும் தேவை இல்லை. நிழல், குளிர்ந்த தண்ணீர், நல்ல வெளிச்சம், சூடாக ஒரு பலகாரம், இந்த நாலுக்கு மட்டும் பணத்தைச் செலவழியுங்கள். மற்றது எல்லாம் வீட்டிலேயே இருக்கிறது.

நிழலுக்கு முதலில் வருகிறேன். கிழக்குப் பார்த்த மாடி வீடு என்கிறீர்கள். அப்படியென்றால் மதியத்துக்கு மேல் வீட்டின் நிழலே வாசலில் விழ ஆரம்பித்துவிடும். மே மாதத்தில் நாலரை மணிக்கெல்லாம் உங்கள் வாசல் முழுவதும் நிழலுக்குள் வந்திருக்கும். பந்தலே வேண்டாம். மேலே துணி கட்டினால் காற்று அடைபட்டுப் புழுக்கம்தான் கூடும். ஆனால் காலை வெயிலில் காய்ந்த கல் சாயங்காலமும் சூடாகவே இருக்கும். மூன்றரை மணிக்கு ஒரு தடவை நன்றாகத் தண்ணீர் விட்டுக் கழுவுங்கள். அது காய்ந்ததும் 5 மணிக்கு இன்னொரு தடவை லேசாகத் தெளியுங்கள். மண் பகுதிக்கு முதல் நாளே தண்ணீர் விட்டு, மேடு பள்ளம் தட்டிச் சாணம் மெழுகிவிடுங்கள். புழுதி கிளம்பாது, ஜமுக்காளம் விரித்தாலும் அழுக்காகாது, கோலமும் எடுப்பாகத் தெரியும். ஐந்தரைக்கு வரச் சொல்லுங்கள். நம் பக்கம் மே மாதத்தில் பொழுது சாயும்போது ஆறரை ஆகிவிடும். ஐந்தே முக்காலிலிருந்து ஆறரை வரைக்கும் உள்ள வெளிச்சத்தில் எல்லோருடைய முகமும் நன்றாக விழும். குடும்பப் படங்களை அதற்குள் எடுத்து முடித்துவிடுங்கள்.

அப்பத்தாவின் நாற்காலியைத் திண்ணையில் நிலைக்கதவுக்கு நேரே போடுங்கள். இரண்டு பக்கமும் குத்துவிளக்கு. நாற்காலிக்குப் பின்னால் எதையும் தொங்கவிட வேண்டாம், அந்தக் கதவை விட நல்ல பின்னணி கிடையாது. அவர்களிடம் பழைய கண்டாங்கிச் சேலைகள் இருக்கும், அரக்கும் மஞ்சளுமாகப் பெரிய கட்டம் போட்டவை. நல்லதாக ஒன்றைத் துவைத்து மடித்து நாற்காலிக்கு விரிப்பாகப் போட்டால் போதும். அவர்களிடம் கேட்டுவிட்டு எடுங்கள், எந்தச் சேலைக்கு என்ன ஞாபகம் இருக்கும் என்று நமக்குத் தெரியாது.

நாற்காலி 35 எடுத்தால் போதும். அதற்கு வெள்ளை உறை மாட்டி முடிச்சுப் போடுகிற செலவை விட்டுவிடுங்கள். வயதானவர்கள் திண்ணையிலும் நாற்காலியிலும் இருக்கட்டும். இளவட்டங்களுக்கும் பிள்ளைகளுக்கும் வேம்படியில் ஜமுக்காளம், பாய், ஓலைத் தடுக்கு. வரிசை கட்டிப் போடாதீர்கள். ஐந்தாறு பேர் முகம் பார்த்துப் பேசுகிற மாதிரி வட்டமாகப் போடுங்கள், அப்போதுதான் யாரும் போனை நோண்ட மாட்டார்கள். பலகாரம் வைக்க மேசைக்கு அலைய வேண்டாம். உள்ளே பெரிய மரப்பெட்டிகள் கிடக்கும். அதில் இரண்டைத் தூக்கி வந்து சுவரோரம் போட்டு, வாழை இலை விரித்துவிட்டால் பார்க்கிறவர்கள் அசந்துபோவார்கள். நாலு ஆள் பிடித்துத் தூக்கச் சொல்லுங்கள், ஆத்தங்குடிக் கல்லின் மேல் இழுத்தால் கீறல் விழும்.

ஆத்தங்குடிக் கல்லைப் பற்றி இன்னொன்று. அது சிமென்டும் மணலும் சாயப்பொடியும் கலந்து, கண்ணாடி மேல் ஊற்றி எடுத்துத் தண்ணீரில் ஊறப்போட்டுச் செய்வது. சூளையில் சுட்டதில்லை. எண்ணெய் சிந்தினால் துடைத்துவிடலாம், அதற்கு அது நல்லதுதான். ஆனால் எலுமிச்சம்பழச் சாறோ புளித்தண்ணீரோ பட்டு ஊறினால் அந்த இடம் வெளுத்து மங்கிவிடும், அப்புறம் தேய்த்தாலும் வராது. அதனால் பானகம், மோர் எல்லாவற்றையும் கல் வாசலில் வைத்துக் கொடுங்கள். முகப்புக்குள் கொண்டுபோக வேண்டாம். சுவரில் ஆணியும் அடிக்காதீர்கள். அது சுண்ணாம்பும் முட்டை வெள்ளைக்கருவும் சேர்த்து மெழுகிய பூச்சு. ஒரு ஆணிக்கு ஒரு சாண் பெயரும். எதைக் கட்டுவதானாலும் தூணில் சணலால் கட்டுங்கள்.

குடிக்கிறதுக்கு ஐஸ் பெட்டியும் பாட்டிலும் வாங்கிக் காசைக் கரைக்காதீர்கள். மூன்று பெரிய மண்பானை வாங்குங்கள். புதுப்பானையை இரண்டு நாள் தண்ணீர் ஊற்றி வைத்து, மாற்றி மாற்றிக் கழுவினால்தான் மண்வாடை போகும். அன்றைக்குக் காலையிலேயே வேம்படியில் மணல் கொட்டி, மணலை நனைத்து, அதன் மேல் பானையை உட்கார வைத்து, ஈரக் காடாத்துணியைச் சுற்றிவிடுங்கள். காற்றுப் படப்பட உள்ளே தண்ணீர் சில்லென்று இறங்கும். தொட்டுப் பார்த்தால் பானையின் வெளிப்பக்கம் வியர்த்திருக்கும், அப்படி வியர்த்தால்தான் அது நல்ல பானை. ஒரு பானையில் வெறும் தண்ணீர், துணியில் முடிந்த வெட்டிவேர் ஒரு பிடி போட்டு. ஒன்றில் நீர்மோர், ஒரு லிட்டர் தயிருக்கு நாலு லிட்டர் தண்ணீர், இஞ்சி, பச்சைமிளகாய், பெருங்காயம், கறிவேப்பிலை. மோரை மத்தியானத்துக்கு மேல் கலந்தால் போதும், காலையிலேயே கலந்தால் புளித்துவிடும். மூன்றாவதில் பானகம். ஒரு கிலோ வெல்லத்துக்கு ஆறு லிட்டர் தண்ணீர் கணக்கு; வெல்லத்தைக் கரைத்து வடிகட்டிவிட்டுச் சுக்கும் ஏலக்காயும் எலுமிச்சையும் சேருங்கள். உங்கள் 60 பேருக்கு இரண்டு கிலோ சரியாக இருக்கும்.

பித்தளை அண்டா அழகாக இருக்கிறதே என்று மோரையும் பானகத்தையும் அதில் ஊற்றிவிடாதீர்கள். ஈயம் பூசாத பித்தளையிலும் செம்பிலும் புளிப்பு இறங்கினால் களிம்பு ஏறி வயிற்றைக் கெடுத்துவிடும். பித்தளையைப் புளியும் சாம்பலும் போட்டுத் துலக்கி, தண்ணீர் நிரப்பிப் பூ மிதக்கவிட வைத்துக்கொள்ளுங்கள். மே மாதத்தில் மல்லிகை நிறைய வரும், விலையும் இறங்கியிருக்கும். வருகிற பெண்களுக்கெல்லாம் ஒரு முழம் கொடுத்தாலும் பெரிய செலவாகாது. அரளி வாங்கினால் கேட்டுப் பக்கம் மட்டும் வையுங்கள், பலகாரத்துக்குக் கிட்டே வேண்டாம், அது விஷப்பூ. கேட்டில் இரண்டு வாழைமரம், வாசல் நெடுக குருத்தோலைத் தோரணம். தோரணம் பின்னுகிற ஆள் ஊரில் கண்டிப்பாக இருப்பார், அவரிடம் முந்தின நாளே சொல்லி வைத்துவிடுங்கள்.

நுங்கு வாங்க மறக்காதீர்கள். வண்டிக்காரர் ஒருவரை 5 மணிக்கு வாசலுக்கே வரச்சொல்லி, மரத்தடியில் உட்கார்ந்து சீவிக் கொடுக்கச் சொல்லுங்கள். சிங்கப்பூர்ப் பிள்ளைகள் அவரைச் சுற்றி நின்று வேடிக்கை பார்த்துக்கொண்டே தின்பார்கள்.

பலகாரத்தில் வெள்ளைப் பணியாரம் கட்டாயம் இருக்கட்டும், வாசலிலேயே சட்டி வைத்துச் சுடச்சுட. கூடவே உளுந்து மாவும் வெல்லமும் சேர்த்துக் கிண்டுகிற கும்மாயம். கும்மாயத்தைச் சின்னக் கொட்டானில் (ஓலைக் கூடையில்) பூவரச இலை வைத்துக் கொடுத்தால் தட்டே வேண்டாம்.

மின்பணி, காரைக்குடி:

வணக்கம் சகோதரி. வெளிச்சத்தைப் பற்றி மட்டும் நான் சொல்கிறேன், எனக்கு அதுதான் தொழில்.

கலர் கலராக மின்னி மின்னி எரிகிற செட் வேண்டாம். மஞ்சள் வெளிச்சம் தருகிற பல்பு மாலை வாங்குங்கள், கடையில் வார்ம் ஒயிட் என்று கேட்டால் தருவார்கள். பெட்டியில் 2700 கே என்று போட்டிருக்கும். அது பழைய குண்டு பல்பு மாதிரி இதமாக இருக்கும், வெள்ளை விளக்குக்கு வருகிற அளவுக்குப் பூச்சியும் வராது. மே மாதத்தில் ஒரு மழை பெய்துவிட்டால் ஈசல் கிளம்பும். அதற்கு ஒரு வழி, வெள்ளை வெளிச்சம் பளீரென்று அடிக்கிற விளக்கு ஒன்றை ஆட்கள் இல்லாத மூலையில் எரியவிடுவது. பெரும்பாலான பூச்சி அங்கே போய்விடும்.

வேம்பிலிருந்து திண்ணைத் தூணுக்கு நாலு வரிசை கட்டுங்கள், ஆள் நிமிர்ந்து கை தூக்கினாலும் எட்டாத உயரத்தில். 40 பல்பு, ஒன்று 3 வாட் என்றாலும் மொத்தம் 120 வாட்தான். நின்று சுற்றுகிற பெரிய ஃபேன் நாலு எடுத்தால் ஒரு 600 வாட். எல்லாம் கூட்டினாலும் 3 ஆம்பியர் சொச்சம். உங்கள் வீட்டு லைன் இதைத் தாங்கும். ஆனால் பழைய வீட்டு ஒயரிங் எந்த நிலையில் இருக்கிறது என்று பார்க்காமல் முகப்பு பிளக்கில் சொருகாதீர்கள். மீட்டர் போர்டிலிருந்தே தனியாக ஒரு லைன் இழுத்து, மின்கசிவு வந்தால் உடனே கரண்டை நிறுத்துகிற 30 மில்லி ஆம்பியர் ஈஎல்சிபி ஒன்று போடச் சொல்லுங்கள். வாசலில் தண்ணீர் தெளிக்கப் போகிறீர்கள், பிள்ளைகள் வெறுங்காலோடு ஓடும், இதில் மட்டும் சிக்கனம் பார்க்க வேண்டாம். ஒயர் இணைப்பு எதுவும் தரையில் கிடக்கக் கூடாது.

ஃபேன் காற்றுக்கு இன்னொரு பலனும் இருக்கிறது. கொசுவால் காற்றை எதிர்த்துப் பறக்க முடியாது. ஃபேனை ஜமுக்காளத்தை ஒட்டித் தாழ்வாக வையுங்கள், கால் பக்கம்தான் கொசு கடிக்கும்.

எல்லோரும் மறக்கிற இடம் ஒன்று உண்டு, கழிப்பறைக்குப் போகிற வழி. இந்த மாதிரி வீடுகளில் அது பின்பக்கம் கடைசிப் பகுதியில் இருக்கும். வாசலில் இருந்து அங்கே போவதற்குள் எத்தனையோ நிலைப்படி, இறக்கம். வாசல் அலங்கார விளக்கைப் பற்றி யோசிப்பதற்கு முன்னால் அந்த வழி நெடுக விளக்குப் போட்டுவிடுங்கள். கரண்ட் போனாலும் அங்கே மட்டும் எரிகிற மாதிரி சார்ஜ் விளக்கு இரண்டு வைத்துவிடுங்கள். பாட்டு வைப்பதாக இருந்தால் 10 மணிக்கு மேல் ஒலிபெருக்கி கூடாது என்பது சட்டம், அதற்கு முன்னாலேயே முடித்துக்கொள்ளுங்கள்.

கோட்டையூர்ப் பேத்தி:

ஆச்சி, நீங்கள் எழுதியதை அப்பத்தாவுக்குப் படித்துக் காட்டினேன். "அரக்குக் கட்டம் வேண்டாம், அந்தக் கறுப்புக் கட்டத்த எடு" என்று உடனே சொல்லிவிட்டார்கள். மின்பணி அண்ணனுக்கும் நன்றி, கழிப்பறை வழி எங்கள் யாருக்கும் தோன்றவே இல்லை.

இங்கே விசாரித்துக் கணக்குப் போட்டுப் பார்த்தேன். சமையல் ஆட்கள் கூலி 6,000, பலகாரச் சாமான் 9,000, விளக்கும் ஃபேனும் 4,000, நாற்காலி 500, நுங்கும் குடிக்கிறதும் 2,500, பூ, இலை, தோரணம் எல்லாம் 2,500, வாசல் வேலைக்கும் மறுநாள் கழுவுவதற்கும் ஆள் கூலி 2,000. ஆக 26,500. கையில் 3,500 மிச்சம் இருக்கும்.

மூன்று சந்தேகம். 60 பேருக்கு வெள்ளைப் பணியாரம் சுட்டுத் தள்ள முடியுமா? வந்தவர்களுக்குக் கொடுத்தனுப்பக் கொட்டான் 60 வாங்கலாமா, கட்டுபடியாகுமா? அன்றைக்கு மழை வந்தால் என்ன செய்வது?

கண்டனூர்ச் சமையல்:

பணியாரத்துக்கு நான் பதில் சொல்கிறேன் அம்மா. ஆச்சி சொன்ன பலகாரம் சரிதான், ஆனால் அது ஒன்றையே நம்பி 60 பேரை உட்கார வைக்காதீர்கள். வெள்ளைப் பணியாரத்தை ஒவ்வொன்றாகத்தான் ஊற்ற முடியும். மாவு உள்ளே விழுந்து, பூ மாதிரி மேலே எழும்பி வந்ததும் ஒரு தடவை திருப்பி, நிறம் மாறுவதற்குள் எடுத்துவிட வேண்டும். ஒன்றுக்கு ஒன்றரை நிமிடம் பிடிக்கும். ஆளுக்கு 2 என்றால் 120 பணியாரம். இரண்டு சட்டி வைத்தாலும் ஒன்றரை மணி நேரம் ஆகும். அவ்வளவு நேரம் வரிசையில் நிற்க வைத்தால் பேச்சும் போய்விடும், பசியும் போய்விடும்.

நான் செய்கிற முறை இதுதான். ஆறு மணிக்குச் சட்டியைப் பற்ற வைத்து, ஆளுக்கு ஒன்று என்று எடுக்க எடுக்கக் கொட்டானில் வைத்துக் கொண்டுபோய்ச் சுற்றிவரக் கொடுத்துக்கொண்டே இருப்பேன், பேசிக்கொண்டே சாப்பிடுவார்கள். முதலில் பெரியவர்களுக்கு. ஏழு மணிக்கு இலை போட்டு இடியாப்பமும் கோசமல்லியும் பரிமாறிவிடலாம். இடியாப்பம் ஆளுக்கு 4 கணக்கு வைத்தால் சரியாக இருக்கும், முன்கூட்டியே அவித்து வைத்தாலும் கெடாது. கத்திரிக்காயைச் சுட்டுப் பிசைந்து புளிவிட்ட கோசமல்லி ஆறினாலும் நன்றாகவே இருக்கும். கடித்துக்கொள்ள எண்ணெயில் பொரித்த மசாலா சீயம், அது ஒரு ஈட்டுக்கு இருபது எடுத்துவிடலாம். கும்மாயம் காலையிலேயே கிண்டி வைத்துவிடலாம். கறி, கோழி என்று போக வேண்டாம் அம்மா, உங்கள் கணக்கும் தாங்காது, மே மாதத்தில் மிஞ்சினால் வைத்துக்கொள்ளவும் முடியாது.

மாவுக்கு அளவு கேட்டால், ஒரு டம்ளர் பச்சரிசியை மட்டமாக அளந்து, அந்த டம்ளரின் மேலேயே கோபுரமாக எவ்வளவு உளுந்து நிற்குமோ அவ்வளவு. இரண்டும் சேர்த்து 2 மணி நேரம் ஊறட்டும். வெண்ணெய் மாதிரி அரைக்க வேண்டும். புளிக்க வைக்கக் கூடாது. ஊற்றப் போகிற நேரத்தில்தான் பால், உப்பு, ஒரு சிட்டிகைச் சர்க்கரை சேர்க்க வேண்டும். என் கைக்கு ஒரு டம்ளருக்கு 15 வரும், ஐந்து டம்ளர் போட்டுக்கொண்டால் மிச்சமும் இருக்கும். இந்த வெயிலில் எல்லாவற்றையும் ஒரே தடவையாக அரைத்து வெளியில் வைக்காமல் இரண்டு ஈடாக அரைக்கச் சொல்லுங்கள்.

தொட்டுக்கொள்ள வரமிளகாய் அரைத்த டாங்கர் சட்னிதான் நல்லது. தேங்காய்ச் சட்னி இந்த மாதத்தில் இரண்டு மணி நேரத்தில் வாடை வந்துவிடும். கேட்பார்கள் என்றால் ஆறரைக்கு மேல் அரைத்துக் கொஞ்சமாக வையுங்கள்.

அடுப்பை வேம்படியில் வைக்க வேண்டாம். காற்று எந்தப் பக்கம் போகிறதோ அந்தப் பக்கத்து ஓரம், பிள்ளைகள் ஓடாத இடம், குறுக்கே ஒரு பெஞ்சு போட்டு மறித்துவிடுங்கள். எண்ணெய்ச் சட்டி அது.

பள்ளத்தூர் ஆச்சி:

கண்டனூர்க்காரர் சொல்வதுதான் சரி, கொண்டுபோய்ச் சுற்றிக் கொடுக்கிற முறையே நல்லது. இடியாப்பமும் கோசமல்லியும் என்றால் எனக்கே கிளம்பி வரலாம் போல இருக்கிறது.

கொட்டான் 60 வாங்காதீர்கள். ஓலையை வார்ந்து, சாயம் ஏற்றி, காயவைத்து, கையால் முடைகிற பொருள் அது. அதன் விலையை அடித்துப் பேசி வாங்குவது எனக்குப் பிடிக்காது. உங்களிடம் மிஞ்சுகிற 3,500-இல் எத்தனை வருமோ அத்தனை, சொல்கிற விலையைக் கொடுத்து நல்லதாக வாங்குங்கள். அன்றைக்குக் கும்மாயத்துக்கும் வெற்றிலை பாக்குக்கும் அவற்றையே சுற்றிச் சுற்றிப் பயன்படுத்துங்கள். அப்புறம் அது வீட்டுச் சாமான், வருஷக்கணக்கில் உழைக்கும். இப்போதே சொல்லி வையுங்கள், மே மாதத்தில் போய் நின்றால் கிடைக்காது. கொடுத்தனுப்புவதற்கு மாவுருண்டை இரண்டு, வாழை இலையில் மடித்து நாரால் கட்டிக் கொடுங்கள். அதை வீட்டுப் பெண்கள் முதல் நாள் ராத்திரி உட்கார்ந்து பிடித்துவிடலாம், கூலியும் இல்லை. ஓலை விசிறி மட்டும் கூடுதலாக வாங்கி, வரும்போதே ஆளுக்கு ஒன்று கையில் கொடுங்கள். கரண்ட் போனால் அதுதான் கைகொடுக்கும்.

மழை. கோடை மழை நம் பக்கம் சாயங்காலம்தான் இறங்கும், அதனால் வரும் என்றே நினைத்துத் திட்டம் போடுங்கள். 4 மணிக்கு வானத்தைப் பாருங்கள். மேற்கே கறுத்துக் காற்றும் நின்றுபோயிருந்தால் யோசிக்காமல் எல்லாவற்றையும் வளவுக்கு, அதாவது வீட்டுக்குள் முற்றம் இருக்கிற பகுதிக்கு, மாற்றிவிடுங்கள். சுற்றுத் தாழ்வாரத்தில் 60 பேர் தாராளமாக உட்காரலாம், நடுவில் முற்றத்தில் மழை விழுவதைப் பார்த்துக்கொண்டே சாப்பிடலாம். வாசலை விட அது அழகாகவே இருக்கும் என்பேன். அதற்கு இரண்டு வேலை முன்கூட்டியே செய்யுங்கள். முற்றத்து வடிகாலில் சருகு அடைத்திருக்கும், ஒரு வாளித் தண்ணீர் ஊற்றிப் பார்த்துத் தூர் எடுத்து வையுங்கள். மின்பணித் தம்பியிடம் சொல்லி அந்தத் தனி லைனிலேயே வளவுக்கும் ஒரு பிளக் எடுத்துவிடுங்கள், வாசல் விளக்கை அணைத்துவிட்டு இதைப் போட்டுக்கொள்ளலாம். தம்பி, மழையில் வாசல் லைனைத் தனியாக அணைக்கிற மாதிரி சுவிட்சு வரும்தானே?

இதற்கெல்லாம் முன்னால் செய்ய வேண்டியது ஒன்று இருக்கிறது தங்கச்சி. ஐந்து பங்கு வீடு என்று எழுதியிருக்கிறீர்கள். வாசலும் வளவும் எல்லோருக்கும் பொது. அப்பத்தா அங்கேயே இருக்கிறார்கள் என்பதற்காகக் கேட்காமல் செய்துவிடாதீர்கள். மற்ற நாலு பங்குக்காரர்களுக்கும் அப்பத்தாவையே போனில் பேச வைத்து, நாளைச் சொல்லி, குடும்பத்தோடு வரச்சொல்லி அழைக்கச் சொல்லுங்கள். வாட்ஸ்அப்பில் அழைப்பை அனுப்பிவிட்டு விடுகிற விஷயம் இல்லை இது. இரண்டாங்கட்டுச் சாவி யாரிடம் இருக்கிறது என்பதையும் அப்போதே கேட்டுக்கொள்ளுங்கள். பாய், தடுக்கு, மங்குத் தட்டு, பெரிய அண்டா எல்லாம் அந்தப் பக்கத்து அறைகளில்தான் இருக்கும். எடுத்ததை எழுதி வைத்து, மறுநாள் கழுவித் துடைத்து, எந்த அறையில் எடுத்தீர்களோ அதே அறையில் வைத்துப் பூட்டிவிடுங்கள்.

மின்பணி, காரைக்குடி:

வரும் ஆச்சி. போர்டில் வாசலுக்கு ஒன்று, வளவுக்கு ஒன்று என்று தனித்தனியாக அணைக்கிற இரண்டு எம்சிபி சுவிட்சு போட்டுவிட்டால் போதும், இரண்டும் அதே ஈஎல்சிபிக்குக் கீழேயே வரட்டும். சகோதரி, ஆள் வேலை முடித்ததும் ஈஎல்சிபியில் இருக்கிற டெஸ்ட் பட்டனை உங்கள் கண் முன்னால் அமுக்கிக் காட்டச் சொல்லுங்கள். உடனே டிரிப் ஆக வேண்டும். ஆகவில்லை என்றால் வேறு ஒன்று மாற்றச் சொல்லிவிட்டு அப்புறம் கூலியைக் கொடுங்கள்.